வந்த வழி மாறியிருக்கும்

நீண்ட நடைபாதை ஒன்றின் முடிவில் இரண்டு படிக்கட்டுகள். ஒன்று சிவப்பு வெளிச்சத்தில் மேலே ஏறுகிறது. மற்றொன்று நீல வெளிச்சத்தில் கீழே இறங்குகிறது. மேலே ஏறினால் பாதை சற்று வளைந்து, மறுபடியும் அதே இரண்டு படிக்கட்டுகளின் முன்னால் கொண்டுவந்து விடுகிறது. கீழே இறங்கினாலும் அதே இடம்தான். மாறி மாறி முயன்றாலும் ஓடிப் பார்த்தாலும் பலன் ஒன்றே. ஆன்ட்டிசேம்பர் என்ற வீடியோ கேமை ஆடத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே இங்கே வந்து மாட்டிக்கொள்கிறார்கள். விடை இதுதான்: இரண்டு படிக்கட்டுகளையும் விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும். சற்று முன் கடந்து வந்த நடைபாதை அங்கே இருக்காது; அந்த இடத்தில் புதிய பாதை ஒன்று திறந்திருக்கும்.

இதை உருவாக்கியவர் ஆஸ்திரேலியரான அலெக்ஸாண்டர் ப்ரூஸ். அன்ரியல் டோர்னமென்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் கருவிகளைக் கொண்டு களச்சண்டை விளையாட்டு ஒன்றைச் செய்யப் புறப்பட்டவர், பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு சண்டையே இல்லாத ஒன்றில் வந்து நின்றார். விளையாட்டு வெளியானது 2013 ஜனவரி 31இல். அதற்கு முன்பே, 2012இல், சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவில் தொழில்நுட்பச் சிறப்புக்கான விருதை அது பெற்றுவிட்டது. இதில் எதிரிகள் கிடையாது, உயிர் போவது கிடையாது, புள்ளிக் கணக்கும் கிடையாது. வெள்ளைச் சுவர்கள், அவற்றின் விளிம்புகளில் மெல்லிய கறுப்புக் கோடுகள், ஆங்காங்கே திடீரென்று பொங்கும் ஒரு நிறம், இவ்வளவுதான் காட்சி. தொடக்க அறையின் சுவரில் 90 நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டே வரும் கடிகாரம் ஒன்று உண்டு. அது பூஜ்யத்தைத் தொட்டாலும் விளையாட்டு முடிவதில்லை.

தொடக்கத்தில் ஒரு பள்ளம் வருகிறது. அதன் மேல் ‘குதி’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. குதித்தால் விழுகிறோம். மற்ற விளையாட்டுகளில் இப்படி விழுந்தால் ஒரு உயிர் போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே விழுந்த இடத்திலிருந்து புதிய அறைகள் ஆரம்பமாகின்றன. தோற்பது வேறு, முன்னேறாமல் இருப்பது வேறு என்ற பொருளில் பக்கத்துச் சுவரில் ஒரு வாசகம் தொங்குகிறது. தலைவாசலிலேயே இந்த விளையாட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறது: நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்த விதிகள் இங்கே செல்லாது. புதிரின் கடினத்தை விட, அந்த விதிகளைக் கைவிட எடுக்கும் நேரம்தான் ஆடுபவரின் பொறுமையைத் தின்கிறது என்பது என் கணிப்பு. மனம் ஏன் அவற்றை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதற்கு உளவியலும் மூளையியலும் நல்ல விளக்கங்கள் வைத்திருக்கின்றன. அதற்கு முன் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம்.

இருக்கவே முடியாத இடங்களைக் கணினி எப்படிக் காட்டுகிறது? திரையில் தெரியும் அறை ஒரு பொருளாக எங்கும் நிற்கவில்லை. நாம் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்ற எண்களைக் கொண்டு, நொடிக்குப் பல பத்து முறை அது புதிதாக வரையப்படுகிறது. ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு நடைபாதைகளை வரைபடத்தின் இரண்டு மூலைகளில் அமைத்துவிட்டு, முதலாவதின் குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டியதும் நம் இருப்பிட எண்ணை இரண்டாவதற்கு மாற்றிவிட்டால் போதும். முந்தைய பிரேமும் அடுத்த பிரேமும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதால், இடம் மாறியதைக் கண் அறியாது. நாம் எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தும் இந்த மாற்றத்தை நிகழ்த்தலாம். சன்னல் ஒன்றின் சட்டத்துக்குள் வேறோர் அறையைக் காட்டி, நாம் அருகில் போய் உற்றுப் பார்த்துவிட்டுப் பின்வாங்கும்போது அந்த அறைக்குள்ளேயே நிற்க வைக்கலாம். ஆன்ட்டிசேம்பரில் இது நடக்கிறது.

யூக்ளிடின் வடிவியலை மீறும் விளையாட்டு என்று இதை எல்லோரும் சொல்கிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அது அவ்வளவு சரியில்லை. 19ஆம் நூற்றாண்டில் லொபசெவ்ஸ்கியும் போல்யாயும் கண்ட வடிவியலில் வெளி என்பதே வளைந்திருக்கும். ஒவ்வொரு சிறு பகுதியிலும் அந்த வளைவு இருக்கும். ஆன்ட்டிசேம்பரின் ஒவ்வொரு அறையும் நம் வீட்டு அறை போலவே தட்டையானது, நேர்க்கோடானது. பிசகு இருப்பது அறைகள் இணைக்கப்பட்ட விதத்தில். செங்கோணமாக நான்கு முறை வலப்புறம் திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடுவோம் என்று நம்பியிருக்கிறோம். இங்கே வந்து சேர்வது முன்பின் தெரியாத இடமாக இருக்கலாம். ஒவ்வொரு மூலையும் சரி, மொத்தம் மட்டும் தப்பு.

இதே தந்திரம் ஓவியத்தில் முன்பே வந்துவிட்டது. 1954இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகக் கணித மாநாட்டையொட்டி ஓவியர் எஷரின் படங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அதைப் பார்த்த இளைஞர்களில் ஒருவர் ரோஜர் பென்ரோஸ். அவரும் அவருடைய தந்தை லயனலும் 1958இல் பிரிட்டனின் உளவியல் இதழ் ஒன்றில், இருக்க முடியாத உருவங்களைப் பற்றிச் சிறு கட்டுரை எழுதினார்கள். ஏறிக்கொண்டே போனாலும் தொடங்கிய படிக்கே வந்து சேரும் படிக்கட்டு அதில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எஷர் 1960இல் ‘ஏற்றமும் இறக்கமும்’ என்ற புகழ்பெற்ற கல்லச்சுப் படத்தை வரைந்தார். ஆனால் ஓவியத்தில் நாம் வெளியே நிற்கிறோம். எங்கே ஏமாற்று இருக்கிறது என்று படம் முழுவதையும் ஒரே பார்வையில் துழாவ முடிகிறது. விளையாட்டில் அந்தப் படிக்கட்டின் மீதே நடக்கிறோம். முழுப் படமும் எந்தக் கணத்திலும் கண்ணுக்குக் கிடைக்காது. நினைவில்தான் அதைத் தைக்க வேண்டும்.

நினைவில் தைப்பது எப்படி என்பது மூளையியலின் பெரிய கதைகளில் ஒன்று. 1971இல் ஜான் ஓ'கீஃப், எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் உள்ள சில நரம்பணுக்கள் எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிப்பதைக் கண்டார். 2005இல் நார்வேயில் மோசர் தம்பதியின் குழு, பக்கத்துப் பகுதியில் வேறுவகை அணுக்களைக் கண்டது. எலி தரையில் உலவ உலவ, ஒவ்வோர் அணுவும் அறுகோண ஒழுங்கில் அமைந்த பல புள்ளிகளில் துடித்தது. தரைக்கு மேல் கட்டம் போட்டு வைத்தது போன்ற ஒழுங்கு. இந்தக் கண்டுபிடிப்புகளுக்காக மூவரும் 2014இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தலைக்குள் ஓர் உண்மையான வரைபடம் இருக்கிறது, தூரமும் கோணமும் அதில் பிசகாமல் பதிந்திருக்கின்றன என்று நினைக்க இது இடம் கொடுத்தது.

அப்படியானால் ஆன்ட்டிசேம்பரின் முதல் திருப்பத்திலேயே மூளை கூச்சலிட வேண்டுமே? அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் வாரனும் சகாக்களும் இந்தக் கேள்விக்கு மிக நெருங்கிய சோதனை ஒன்றைச் செய்து 2017இல் வெளியிட்டார்கள். தலையில் திரை மாட்டிய மாணவர்கள், கணினி காட்டும் செடிவேலிப் புதிர்ப்பாதைக்குள் தங்கள் கால்களாலேயே நடந்தார்கள். பாதையில் இரண்டு இடங்களில் கள்ள வழிகள் இருந்தன. அவற்றுக்குள் நுழைந்தவர், தனக்குத் தெரியாமலே, திசை திருப்பப்பட்டு வேறோர் இடத்தில் வெளிவந்தார். பெரும்பாலோர் இதைக் கவனிக்கவே இல்லை. பிறகு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் குறுக்கே போகச் சொன்னபோது, நேர்மையான வரைபடம் எதிலும் பொருந்தாத திசைகளில் நடந்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்த வெளியில் கிழிசல்களும் மடிப்புகளும் இருந்தன. அது அவர்களைத் தொந்தரவு செய்யவும் இல்லை. இங்கிருந்து அங்கே போகலாம், அங்கிருந்து அதற்கு அடுத்ததற்குப் போகலாம் என்ற இணைப்புகளின் வலையும், ஒவ்வொரு இணைப்புக்கும் தோராயமான தூரம், திருப்பம் என்ற குறிப்புகளும்தான் நம் மனத்தில் இருக்கின்றன என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

ஆன்ட்டிசேம்பரின் தொடக்க அறையில் இன்னொரு சுவர் இருக்கிறது. நாம் கண்ட அறைகளும் அவற்றை இணைக்கும் வழிகளும் அதில் படமாக நிரம்பிக்கொண்டே வரும். எந்த நேரமும் அங்கே திரும்பி வந்து, ஏற்கெனவே பார்த்த எந்த அறைக்கும் தாவலாம். சில மணி நேரம் ஆடியபின் அந்தப் படம் நமக்குப் போதுமானதாகிவிடுகிறது. எந்த அறை எந்த அறைக்கு வடக்கே என்ற கேள்வி மனத்தில் எழுவதே இல்லை. இடத்தைப் பொறுத்தவரை மனம் வியக்கத்தக்க வேகத்தில் விட்டுக்கொடுத்துவிடுகிறது. விட்டுக்கொடுக்காமல் முரண்டுபிடிப்பது நம் செயல்முறைதான்: வழி முன்னால்தான் இருக்கும், கதவு இருந்தால் திறக்கத்தான் வேண்டும், ஒருமுறை பலித்த உபாயம் மறுபடியும் பலிக்கும்.

கடைசியாகச் சொன்னதை ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட ஆய்வில் மிக எளிய முறையில் காட்டினார். மூன்று குடுவைகள், அவற்றின் கொள்ளளவு 21, 127, 3. இவற்றால் சரியாக 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். 127இலிருந்து 21ஐ ஒருமுறையும் 3ஐ இருமுறையும் கழித்தால் 100. இதே வழியில் தீரும் கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துவிட்டு, பிறகு 23, 49, 3 என்ற குடுவைகளைக் கொடுத்து 20 அளவு கேட்டார். பெரும்பாலோர் 49இலிருந்து 23ஐயும் இரண்டு 3களையும் கழித்தார்கள். விடை சரிதான். ஆனால் 23இலிருந்து ஒரு 3ஐக் கழித்தாலே 20 வந்துவிடும். முந்தைய கணக்குகளைப் பார்க்காதவர்களுக்கு அது உடனே தெரிந்தது.

வல்லுநர்களும் இதற்குத் தப்பவில்லை. தேர்ந்த சதுரங்க வீரர்களுக்கு, பழகிய முறையில் வெல்லக்கூடிய ஓர் ஆட்டநிலையைக் கொடுத்து, அதைவிடக் குறைந்த நகர்வுகளில் வெல்லும் வழியைத் தேடச் சொன்னார்கள் மெரிம் பிலாலிச்சும் சகாக்களும். ஆய்வு 2008இல் வந்தது. வேறு வழிதான் தேடுகிறோம் என்று வீரர்கள் மனமாரச் சொன்னார்கள். கண்ணசைவைப் பதிந்த கருவியோ, அவர்கள் பார்வை பழைய வழிக்குரிய கட்டங்களையே மறுபடி மறுபடி மேய்ந்துகொண்டிருந்ததைக் காட்டியது. ஆன்ட்டிசேம்பரில் அரை மணி நேரமாக ஒரே சுவரை முட்டிக்கொண்டிருப்பவர், “எல்லாம் முயன்றுவிட்டேன்” என்று சொல்லும்போது பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் முயன்றதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

பொறுமை சோதிக்கப்படுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமானதாகப் படுகிறது. ஜேனட் மெட்கால்ஃபும் டேவிட் வீபும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்கு இயற்கணிதக் கணக்குகளும் எதிர்பாராத திருப்பத்தால் தீரும் புதிர்களும் கொடுத்தார்கள். 15 நொடிக்கு ஒருமுறை, விடைக்கு எவ்வளவு நெருங்கிவிட்டதாக உணர்கிறீர்கள் என்று குறிக்கச் சொன்னார்கள். இயற்கணிதத்தில் அந்த உணர்வு படிப்படியாக ஏறியது. புதிர்களில் அது தரையிலேயே கிடந்தது. விடை கிடைத்த கணத்தில்தான் செங்குத்தாக எழும்பியது. நெருங்கிவிட்டோம், இதோ வந்துவிட்டது என்று முன்கூட்டியே உணர்ந்தவர்கள் தவறான விடையைச் சொல்லவே அதிக வாய்ப்பு இருந்ததாக மெட்கால்ஃப் அதற்கு முந்தைய ஆண்டே காட்டியிருந்தார்.

இதை ஆடுபவரின் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஒரு வேலையில் தொடர்வதா, விடுவதா என்பதை நாம் முன்னேற்ற உணர்வைக் கொண்டுதான் முடிவு செய்கிறோம். சுவருக்கு வெள்ளையடிப்பவருக்குப் பாதிச் சுவர் முடிந்தது கண்ணுக்குத் தெரிகிறது. பொறி தட்டித் தீரும் புதிர்களில் அந்த அளவுமானி வேலை செய்வதில்லை. விடையிலிருந்து ஒரு நிமிடம் தள்ளி நிற்பவருக்கும் ஒரு வாரம் தள்ளி நிற்பவருக்கும் உள்ளே ஒரே உணர்வுதான். முட்டிக்கொண்டு நிற்கிறோம் என்ற எரிச்சல் புதிரைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ஆன்ட்டிசேம்பர் அடுத்தடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் இத்தகைய புதிர்களையே. இது பலரைச் சோர்வடையச் செய்வதில் வியப்பில்லை. பாதியில் விட்டவர்களைப் பொறுமை இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வழக்கமாக நம்பகமாக இருக்கும் ஒரு சைகையை நம்பித்தான் அவர்கள் விட்டார்கள்.

பொறி தட்டும் அந்தக் கணத்தில் மூளையில் என்ன நடக்கிறது? மார்க் ஜங்-பீமனும் ஜான் கூனியஸும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சொற்புதிர்களைத் தீர்ப்பவர்களின் மூளை அலைகளைப் பதிந்தார்கள். பொறி தட்டி விடை வந்தபோது, அதை உணர்ந்து சொல்வதற்கு ஏறத்தாழ 0.3 நொடி முன்னால் வலப்பக்கப் பொட்டுப் பகுதியில் உயர் அதிர்வெண் கொண்ட காமா அலை திடீரென எழுந்தது. அதற்கும் ஒரு நொடிக்குச் சற்று மேலாக முன்னால், தலையின் பின்புறத்தில், பார்வையைக் கையாளும் பகுதிக்கு மேல் ஆல்ஃபா அலை வலுத்தது. கண்ணிலிருந்து வரும் தகவல் வெள்ளத்தை மூளை ஒரு கணம் மட்டுப்படுத்துவதன் அடையாளமாக ஆய்வாளர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். யோசிக்கும்போது நாம் சுவரையோ கூரையையோ வெறித்துப் பார்ப்பதும் அதே காரியத்தைத்தான் செய்கிறது.

விதியைக் கைவிட முடியாமல் தடுப்பது மூளையின் எந்தப் பகுதி என்பதற்கு 2005இல் இத்தாலியிலிருந்து வந்த ஒரு தடயம் வியப்பூட்டுவது. கார்லோ ரெவர்பெரியும் சகாக்களும் தீக்குச்சிகளால் ஆன ரோமன் எண் சமன்பாடுகளைக் கொடுத்தார்கள். ஒரே ஒரு குச்சியை நகர்த்தித் தவறான சமன்பாட்டைச் சரியாக்க வேண்டும். மிகக் கடினமான வகை இது: மூன்று, சமக்குறி, மூன்று, கூட்டல்குறி, மூன்று. எண்களைத் தொட்டுப் பயனில்லை. கூட்டல்குறியின் செங்குத்துக் குச்சியை எடுத்துப் படுக்க வைத்தால் அதுவும் சமக்குறியாகிவிடும். மூன்றும் மூன்றும் மூன்றும் சமம். ஒரு சமன்பாட்டில் இரண்டு சமக்குறிகள் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாமே அப்படி ஒரு வேலி போட்டுக்கொள்கிறோம். ஆரோக்கியமானவர்களில் 43 சதவீதம் பேரே இதைத் தீர்த்தார்கள். முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் சேதம் ஏற்பட்ட நோயாளிகளில் 82 சதவீதம் பேர் தீர்த்துவிட்டார்கள். எது செய்யத் தக்கது, எது தகாதது என்று முன்கூட்டியே வடிகட்டித் தருவது அந்தப் பகுதியின் பணிகளில் ஒன்று. அன்றாட வாழ்க்கையில் அந்த வடிகட்டி இல்லாமல் மிகவும் திண்டாடிப்போவோம். இத்தகைய புதிரின் முன்னால் மட்டும் அது குறுக்கே நிற்கிறது.

சேதமில்லாத மூளையோடு இருப்பவர்கள் அந்த வடிகட்டியைத் தளர்த்த வழி உண்டா? விட்டுவிட்டுத் தூங்குவது ஒரு வழி. ஜெர்மனியில் உல்ரிச் வாக்னர், யான் போர்ன் குழுவினர் 2004இல் செய்த ஆய்வில், எண் வரிசைகளை இரண்டு விதிகளைக் கொண்டு படிப்படியாகச் சுருக்கும் சலிப்பான வேலை கொடுக்கப்பட்டது. சொல்லப்படாத குறுக்குவழி ஒன்றும் உள்ளே ஒளிந்திருந்தது. இடையில் எட்டு மணி நேரம் தூங்கியவர்களில் 59 சதவீதம் பேர் அதைக் கண்டுபிடித்தார்கள். அதே நேரம் விழித்திருந்தவர்களில் ஏறத்தாழ 23 சதவீதம் பேர்தான் கண்டுபிடித்தார்கள். ஆன்ட்டிசேம்பரை ஆடுகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே யோசனையும் இதுவே: எரிச்சல் ஏறினால் கணினியை அணைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத வேலை ஓரளவு அப்போதுதான் நடக்கிறது.

விளையாட்டின் பிற்பகுதி இந்த உயரத்தில் நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கருவிகள் ஒவ்வொன்றாகக் கைக்கு வருகின்றன. சிறு கட்டிகளை எடுத்து வைக்கவும், பெருக்கவும், நகர்த்தவும் அவை பயன்படும். அவற்றைக் கொண்டு தீர்க்கும் சில புதிர்களில் விடை முதலிலேயே தெரிந்துவிடுகிறது. கட்டிகளைப் பிசகாமல் அடுக்குவதில்தான் நேரம் போகிறது. கை தவறினால் மறுபடி முதலிலிருந்து. அது விரல்களின் பொறுமை. முற்பகுதி கேட்ட பொறுமையோ வேறு ரகம்: விடைக்கான அறிகுறி எதுவும் இல்லாமலே, பழைய நம்பிக்கை ஒன்றைக் கைவிடத் தயாராக அங்கே இருத்தல்.

ஆய்வுக்கூடங்கள் இந்த இரண்டையும் இன்னும் பிரிக்கவில்லை. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலரி ஷூட்டும் சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 77 கல்லூரி மாணவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினரைப் போர்ட்டல் 2 என்ற புதிர் விளையாட்டையும் மற்றவர்களை லூமோசிட்டி என்ற மூளைப்பயிற்சிச் செயலியையும் எட்டு மணி நேரம் ஆட வைத்தார்கள். புதிர் தீர்க்கும் திறன், இடஞ்சார்ந்த அறிவு, விடாமுயற்சி ஆகியவற்றில் போர்ட்டல் ஆடியவர்கள் மேலாக வந்தார்கள். சிறிய குழு, ஒரே ஒரு விளையாட்டு. ஆகவே இதை வைத்துப் பெரிதாக எதையும் கட்டிவிட முடியாது. இத்தகைய சோதனைகளில் விடாமுயற்சியை அளக்க, தீர்க்கவே முடியாத கணக்குகளை இடையில் கலந்துவிட்டு, ஒருவர் எவ்வளவு நேரம் விடாமல் முயல்கிறார் என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அந்தக் கடிகாரத்துக்கு, ஒரே சுவரை அறுபது முறை முட்டியவரும் ஒவ்வொரு முறையும் வேறொன்றை முயன்றவரும் ஒன்றுதான். விளையாட்டுகளோ ஒவ்வோர் அடியையும், ஒவ்வொரு பார்வைத் திருப்பத்தையும் பதிவு செய்யக் கூடியவை. பழைய முயற்சி எந்தக் கணத்தில் நின்றது, அடுத்தது அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்று அந்தப் பதிவுகளிலிருந்து கணக்கெடுக்கலாம். அப்படி ஓர் ஆய்வைச் செய்ய ஆன்ட்டிசேம்பரை விடப் பொருத்தமான விளையாட்டு என் நினைவுக்கு வரவில்லை.